சொந்தக் கட்டணம்

ஓட்டோ பட்டணத்துக்குப் போகும் வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது விதுர்ஷாவுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலி வந்துகொண்டிருந்தது. டொக்டர் சொன்ன திகதிக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன. ஒரு பக்கம் அவளுடைய கணவனின் தங்கை நிருஷா முதுகைத் தேய்த்துவிட்டபடி இருந்தாள். மறுபக்கம் விதுர்ஷாவின் தகப்பன் வினாயகமூர்த்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழி வரும் இடங்களில் எல்லாம் ஓட்டோக்காரனிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.

வலி விட்ட இடைவெளியில் விதுர்ஷா மடியில் இருந்த பழுப்பு நிற உறையை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, இதக் கவுண்டர்ல குடுங்க. காப்புறுதி அட்டையும் கடிதமும் உள்ள இருக்கு. இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ள அவங்களுக்கு அறிவிச்சாத்தான் காசு தருவாங்க. மறந்திராதீங்க."

"நான் பாத்துக்கொள்றன் மகள். நீ கதைக்காத."

உறையின் மூலையில் இராணுவச் சின்னம் அச்சிடப்பட்டிருந்தது. வினாயகமூர்த்தி அதைச் சின்னம் உட்பக்கம் போகும்படி இரண்டாக மடித்து, போட்டிருந்த சேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

விதுர்ஷா இராணுவத்தில் சேர்ந்து பதினொரு வருடம். வவுணதீவுப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய ஊருக்கு அது தெரியாது. கொழும்பில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதுகிறாள் என்றுதான் வினாயகமூர்த்தி எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அவள் செய்ததும் எழுத்து வேலைதான். வெலிக்கந்தைக்கு அப்பால் ஒரு முகாமின் களஞ்சியத்தில் சாமான் வந்ததையும் போனதையும் பதிகிற வேலை. லீவில் வரும்போது பாவாடை சட்டையில் வருவாள், அப்படியே போவாள். சீருடையை ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. கொண்டுவர வேண்டாம் என்று அவர் சொன்னதும் இல்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியிருந்தது.

அவள் சேர்ந்த வருடம் அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தது. மனைவியும் சேர்ந்து குழுக்கடன் எடுத்த பெண்களின் தவணை வசூலிக்க வருகிறவன் வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். இரத்தம் சுத்திகரிக்கப் போய்வர வாகனக் கூலி, மருந்து, கடன் எல்லாவற்றையும் விதுர்ஷாவின் சம்பளம் பார்த்துக்கொண்டது. மனைவி அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தாள். அவள் போன பிறகு கூரைக்கு ஓடு போட்டதும் அந்தக் காசில்தான். தம்பியை யுத்தப் பிரச்சினைக் காலத்தில் இழந்த வினாயகமூர்த்திக்கு, மகளின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது ஒவ்வொரு மாதமும் நெஞ்சில் உறைக்கும். ஆனாலும் வங்கிக்குப் போய் எடுத்து வருவார்.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் விதுர்ஷாவுக்கு இரண்டு பிள்ளை தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை அவளைப் பார்த்துவந்த மகப்பேற்று டொக்டர் பட்டணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர். படையினர் குடும்பத்துக்கான காப்புறுதி அங்கே பிள்ளைப் பேற்றுக்கும் செல்லும் என்று அறிந்து, கட்டாரில் சாரதியாக இருக்கும் கணவன் உதயரூபன்தான் அங்கேயே பெறுவோம் என்று பிடிவாதமாக நின்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. நிருஷா விதுர்ஷாவோடு உள்ளே போனாள். வினாயகமூர்த்தி அனுமதிக் கவுண்டருக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த பெண்பிள்ளையின் சட்டையில் அம்னா என்று பெயர் குத்தியிருந்தது. ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளை போலத் தெரிந்தது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுக் கணினியில் தட்டினாள்.

"தம்பி, நீ என்ன இஞ்ச?"

பின்னால் கேட்ட குரலுக்கு வினாயகமூர்த்தி திரும்பினார். இரத்தினம்மா அக்கா நின்றாள். அவருடைய வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவள், தகப்பன் வழியில் ஒன்றுவிட்ட தமக்கை. கையில் இரத்தப் பரிசோதனைத் துண்டு வைத்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் பதினேழு வயதில் ரியூசனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு, மகனின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு காந்தி பூங்காவுக்கு முன்னால் வெயிலில் இருக்கிற தாய்மாரில் அவளும் ஒருத்தி. யாராவது சீருடைக்காரர் ஊருக்குள் ஏதும் விசாரிக்க வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"விதுர்ஷாக்கு வலி வந்திற்று அக்கா."

"முன்னுக்கே வந்திற்றா? பயப்பிடாத. ரெண்டு கிழம முந்திப் பிறக்கிறது ஒண்டுமில்ல." அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அம்னா கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஐயா, கிளினிக் வந்த நேரம் படைக் காப்புறுதி எண்டு பதிஞ்சிரிக்கி. கடிதம் கொண்டு வந்தீங்களா? படையில இரிக்கிறது ஆரு, மகளா மருமகனா?"

அவள் உரத்துச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் இரத்தினம்மா அக்காவின் முகம் திரும்பியதை வினாயகமூர்த்தி கண்டார். சேட்டுக்குள் உறையின் முனை வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது.

"அப்பிடி ஒருத்தரும் எங்களிட்ட இல்ல," என்றார். "பிழையாப் பதிஞ்சிருக்கிறீங்க."

"இதே அடையாள அட்டை இலக்கம்தான் ஐயா..."

"பிழையாத்தான் இருக்கும் புள்ள. நாங்க காசு கட்டித்தான் செய்யிறம்."

அம்னா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு வேறொரு படிவத்தை எடுத்து, ஒரு வரி எழுதி, கையெழுத்து வைக்கும் இடத்தில் புள்ளடி போட்டுத் தந்தாள். மேலே 'சொந்தக் கட்டணம்' என்று இருந்தது. கீழே எழுதியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்தார். மருமகன் அவசரத்துக்கென்று அனுப்பி வைத்திருந்த ஒரு இலட்சத்தை முற்பணமாகக் கட்டினார்.

"ஆமிக்காரரா நாங்க," என்று இரத்தினம்மா அக்கா சிரித்தாள். "நல்லாத்தான் பதியிறாங்க."

வினாயகமூர்த்தியும் சிரித்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. இரண்டு கிலோ முந்நூறு கிராம். மூச்சு வேகமாக வாங்குகிறது என்று சொல்லிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சில நாள் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். வினாயகமூர்த்தி கண்ணாடிக்கு வெளியே நின்று, மூக்கில் குழாய் வைத்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார். யாரைப் போல இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பின்னேரம் விதுர்ஷா அரை மயக்கத்தில் கண் விழித்தாள். பிள்ளையைக் கேட்டாள். நிருஷா கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். அதற்குப் பிறகு விதுர்ஷா தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"குடுத்தீங்களா அப்பா?"

"ஓம் மகள். குடுத்திற்றன்."

அந்தப் பொய்யை அவர் யோசித்துச் சொல்லவில்லை. உடனே கீழே போய் உறையைக் கொடுத்துவிட்டால் அது பொய்யாக இருக்காது என்றுதான் நினைத்தார். கீழே போனார். அம்னாவின் வேலை நேரம் முடிந்து வேறொரு பெடியன் இருந்தான். கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இரண்டு பேர் அவருடைய ஊர்ப்பக்கத்து முகம். காலையில் இல்லை என்று கையெழுத்து வைத்தவர் பின்னேரம் இருக்கிறது என்று என்ன சொல்லிக் கொடுப்பது? நாளைக்கு அம்னா வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டு, மாடு கட்ட வேண்டும் என்ற சாட்டில் வீட்டுக்குப் போனார். மறுநாள் அம்னாவுக்கு லீவு. உறை சேட்டிலிருந்து அவருடைய கறுப்புத் தோல் பைக்கு மாறியது. மருந்து வாங்கிக் கொடுத்தார், சோற்றுப் பார்சல் வாங்கினார், கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். இருபத்துநாலு மணித்தியாலம் முடிந்த நேரம் அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் நாள் காலை அம்னா இடைக்காலப் பில்லோடு அறைக்கே வந்தாள். விதுர்ஷா தலையணையில் சாய்ந்து பாலெடுத்துக் கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முற்பணம் முடிஞ்சி மேலால போய்ற்று. புள்ளட பிரிவுக்கு ஒரு நாளைக்கு வேறயா வருது. இன்னும் ஒரு தொக கட்டச் சொல்றாங்க."

"நான் காப்புறுதியெல்லே. அவங்க நேர கட்டுவாங்க."

அம்னா வினாயகமூர்த்தியைப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இதுல சொந்தக் கட்டணம் எண்டு இரிக்கி அக்கா. ஐயாதான் கையெழுத்து வெச்ச."

விதுர்ஷா அந்தப் படிவத்தை வாங்கினாள். கீழே அம்னாவின் உருண்டைக் கையெழுத்தில் இருந்ததை வாசித்தாள். 'குடும்பத்தில் எவரும் படைச் சேவையில் இல்லை என நோயாளியின் தந்தை உறுதிப்படுத்தினார்.' இரண்டு தடவை வாசித்தாள் போல இருந்தது. பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. நான் கதைச்சிற்றுச் சொல்றன்."

அம்னா போனாள். நிருஷாவும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"ஆரப்பா அங்க நிண்ட?" என்று விதுர்ஷா கேட்டாள்.

"இரத்தினம்மா அக்கா."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"இரத்தினம்மா மாமி எண்டா எனக்கு விளங்குது. நானும் மாமிக்கு முன்னால சொல்லமாட்டன்தான். ஆனா அவ போன மறுகாவும் ஏனப்பா குடுக்கல்ல? ஏன் குடுத்திற்றன் எண்டு சொன்னீங்க?"

அவர் கறுப்புப் பையின் வாரை விரலில் சுற்றினார்.

"பதினொரு வருஷமா நான் ஊருக்குள்ள கொழும்புக் கந்தோர்ல வேல செய்யிற புள்ளயாத்தான் வந்து போறன். அது உங்களுக்காக. நான் ஒண்டும் சொல்லல்ல. புள்ள பிறக்கிற நேரத்திலயும் நான் இல்லாமப் போகணுமா?"

"மகள்..."

"அந்த உறையத் தாங்க."

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் உறை கிழியத் தொடங்கியிருந்தது. விதுர்ஷா அதை நேராக்கி மடியில் வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்தாள். தையல் இழுத்ததால் மூச்சை அடக்கி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். முகாமில் யாரோ அதிகாரியோடு அவள் சிங்களத்தில் கதைப்பதை வினாயகமூர்த்தி முதல்முறையாகக் கேட்டார். சரளமாக, தடையில்லாமல், இடையிடையே "சேர்" என்று சொல்லிக் கதைத்தாள். அவருக்குத் தெரியாத ஒரு பெண்ணின் குரல் போல இருந்தது. தகப்பன் செய்ததைச் சொல்லுகிறாளா, அல்லது மறைக்கிறாளா என்றுகூட அவருக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து வெளியே போய் நடைபாதையில் நின்றார்.

விதுர்ஷா கேட்டறிந்தது இதுதான். நேரம் பிந்தினாலும் ஏழு நாளுக்குள் முகாமின் நலன்புரிப் பிரிவுக் கடிதமும், அறிவிக்கத் தவறியவர் ஏன் தவறினார் என்று எழுதிக் கையொப்பமிட்ட காரணமும் போனால் காப்புறுதிக் கம்பனி யோசிக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இப்போது காசைக் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்க வேண்டும். காரணம் எழுதுகிறவர் நேரே வந்து, அடையாள அட்டையைக் காட்டி, அதிகாரிக்கு முன்னால் எழுத வேண்டும்.

"நான் போறன்," என்றார் வினாயகமூர்த்தி.

"தனியப் போவீங்களா?"

"போவன்."

அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் போனார். முகாமின் வாசலில் நின்ற காவலாளி சிங்களத்தில் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. அவருக்கு வயது அறுபத்துமூன்று. வாழ்நாளில் எத்தனையோ தடவை இப்படியான வாசல்களில், காணாமல் போன தம்பியைத் தேடி, தாயோடும் தனியாகவும் நின்றிருக்கிறார். அந்த நாட்களில் கேள்வி கேட்டவர் அவர். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவராக நின்றார்.

"விதுர்ஷா," என்றார். பிறகு மகளுடைய முழுப் பெயரையும், அவள் துண்டில் எழுதித் தந்த இலக்கத்தையும் காட்டினார். "நான் அப்பா. தாத்தா." சிங்களத்தில் தகப்பனுக்குச் சொல்லும் சொல் அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

காவலாளியின் முகம் மாறியது. நாற்காலி போட்டான். தண்ணீர் கொடுத்தான். விரலால் தொட்டில் ஆட்டிக் காட்டி, ஆணா பெண்ணா என்பது போலக் கேட்டான். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு இருக்க அவருக்குக் கூசியது.

நலன்புரிப் பிரிவில் இருந்த சார்ஜன்ட் றம்ஸீன் ஓட்டமாவடிக்காரர். தமிழில் கதைத்தார்.

"வாங்க ஐயா. புள்ள எப்படி? மூச்சுக் கஷ்டம் எண்டு கேள்விப்பட்டம்."

"இப்ப குழாய் கழட்டியாச்சி."

"அல்ஹம்துலில்லாஹ். விதுர்ஷா இல்லாம இஞ்ச களஞ்சியம் பாடாப் படுது."

அவர் இறாக்கையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் விரித்தார். முதல் பக்கத்தில் விதுர்ஷாவின் படம். தொப்பியும் சீருடையுமாக, நேரே பார்த்தபடி இருந்தாள். வினாயகமூர்த்தி மகளை அந்த உடுப்பில் கண்டதில்லை. இருபத்தோரு வயதுப் படம். கன்னம் ஒட்டி, தாய்க்குச் சிறுநீரக வருத்தம் வந்த அந்த வருடத்து முகம். சார்ஜன்ட் விரலால் ஒவ்வொரு பகுதியாகக் காட்டி, அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். நெருங்கிய உறவு: தந்தை, வினாயகமூர்த்தி. தொழில்: விவசாயம். மரணம் நேர்ந்தால் கொடுப்பனவு பெறுபவர்: தந்தை. கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த படிவத்தில் பாதி கணவனுக்கும் பாதி தந்தைக்கும் என்று மாற்றியிருந்தாள். ஊரின் பெயர், வயல் வட்டையின் பெயர், வீட்டுக்குப் போகும் வழிகூட எழுதியிருந்தது. எந்த இடத்திலும் அவள் எதையும் மறைக்கவில்லை.

"இதுதானே ஐயா நீங்க?"

"ஓம். நான்தான்."

சார்ஜன்ட் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார். "ஏன் பிந்திச்சு எண்டு எழுதுங்க. உங்கட கையாலேயே எழுதுங்க."

வினாயகமூர்த்தி பேனாவை எடுத்தார். திகதி போட்டார். அதற்குப் பிறகு கை நகரவில்லை. 'என் மகள் இராணுவத்தில் இருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டேன்' என்பதுதான் உண்மை. அதை எழுதினால் அந்தத் தாள் இதே கோப்புக்குள், அவளுடைய படத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். அவளுடைய அதிகாரிகள் வாசிப்பார்கள். நாளைக்கு அவள் இந்த அறைக்குள் வந்து நிற்க வேண்டும்.

சார்ஜன்ட் கோப்பை மூடினார்.

"என்ட வாப்பாவும் பள்ளிவாசல்ல ஆரும் கேட்டா, மகன் அரசாங்க உத்தியோகம் எண்டுதான் சொல்ற," என்றார் மெதுவாக. "மறந்து போனன் எண்டு எழுதுங்க ஐயா. வயசு போன ஆக்கள் மறக்கிறதுதானே. ஆரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க."

வினாயகமூர்த்தி, 'மகளின் பிரசவ வருத்தத்தைக் கண்ட பதற்றத்தில் கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். இதுவும் பொய்தான். இந்தத் தடவை மகளுக்காக என்று நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பு அவரைத் தேற்றவில்லை. கவுண்டரில் சொன்ன முதல் பொய்யையும் அவளுக்காகத்தான் சொன்னதாக அவர் மூன்று நாட்கள் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஆறாம் நாள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குப் போக விட்டார்கள். மொத்தப் பில் நாலு இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். உதயரூபன் தன்னோடு வேலை செய்பவர்களிடம் கடன் வாங்கி ஒரு பங்கு அனுப்பினான். மீதிக்கு வினாயகமூர்த்தி இரண்டு கறவை மாடுகளையும் விற்றார். அவசரத்தில் விற்கிறவர் என்று தெரிந்துகொண்டவன் விலையைக் குறைத்துத்தான் எடுத்தான். அவர் பேரம் பேசவில்லை. பில்லைக் கட்டும்போது அம்னா ரசீதோடு ஒரு கட்டுத் தாள்களையும் தந்தாள்.

"காப்புறுதிக்குத் தேவப்படுற பிரதி எல்லாம் இதுல இரிக்கி ஐயா. நான் எடுத்து வெச்ச." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு நான் எல்லாருக்கும் முன்னுக்கு அப்படிக் கேட்டிரிக்கக் கூடா," என்றாள்.

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க புள்ள," என்றார் வினாயகமூர்த்தி.

வாசலில் ஓட்டோ நின்றது. விதுர்ஷா பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள். அவர் வவுணதீவுக்கு என்று சொல்ல வாயெடுக்கும்போது அவள் முந்திக்கொண்டாள்.

"தன்னாமுனைக்குப் போங்க அண்ணன்."

தன்னாமுனை அவளுடைய மாமியார் வீடு. முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குத்தான் வருவாள் என்று அவர் அறையை வெள்ளையடித்து, கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டி வைத்திருந்தார். நிருஷா சங்கடத்தோடு அவரைப் பார்த்தாள்.

"அங்க நிருஷாவும் அவட அம்மாவும் இருக்காங்க அப்பா. பாக்கிறத்துக்கு ஆள் வேணும்," என்றாள் விதுர்ஷா. அது நியாயமான காரணம். வேறு காரணம் எதையும் அவள் சொல்லவில்லை. ஓட்டோ போன பிறகு அவர் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தார்.

அன்றைக்குப் பின்னேரமே இரத்தினம்மா அக்கா வளவுக்குள் வருகிற சத்தம் கேட்டது. தாய்க்கும் பிள்ளைக்குமென்று சீனி போடாத பிஸ்கட் பெட்டியும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் கொண்டு வந்திருந்தாள். ஆட்களைக் காணாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்க தாயும் புள்ளயும்?"

"தன்னாமுனைக்குப் போயிற்றாங்க."

"ஏன்? நீ வலையெல்லாம் கட்டி வெச்ச எல்லோ?"

வினாயகமூர்த்தி அவளை உட்காரச் சொன்னார். தான் நின்றுகொண்டே இருந்தார்.

"அக்கா, அண்டைக்குக் கவுண்டர்ல அந்தப் புள்ள பிழையாக் கேக்கல்ல. விதுர்ஷா ஆமியிலதான் இருக்கா. பதினொரு வருஷம். கொழும்பு எண்டு நான் சொன்னது பொய்."

இரத்தினம்மா அக்கா எண்ணெய்ப் போத்தலை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். வெளியே யாரோ தண்ணீர் மோட்டரைப் போட்டார்கள்.

"என்னத்துக்கு இப்ப எனக்குச் சொல்ற?"

"நீங்க பக்கத்தில நிண்டீங்க. அதாலதான் இல்லண்டு சொன்னன். அதால அவளுக்குக் காப்புறுதி இல்லாமப் போச்சி. மூச்சுக் கஷ்டப்பட்ட புள்ளய வெச்சிக்கொண்டு பில்லப் பாத்து அழுதவள்." அழவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. ஆனாலும் திருத்தவில்லை.

"அந்தக் கவுண்டர்ப் புள்ளைக்கு நீ என்னண்டு சொன்ன? எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொல்லு."

"அப்பிடி ஒருத்தரும் எங்களிட்ட இல்ல எண்டு..."

"ஓம். அதேதான்." அவள் குரல் உயரவில்லை. "எத்தின கந்தோர், எத்தின மேச. என்ட மகன்ட படத்த வெச்சிக் கேட்ட இடமெல்லாம் எனக்கு அந்தச் சொல்லத்தான் சொன்னவங்க. அப்பிடி ஒருத்தரும் எங்களிட்ட இல்ல. நீயும் என்னோட ரெண்டு மூண்டு இடத்துக்கு வந்திருக்காய். பின்னால நிண்டு கேட்டிருக்காய்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பெத்த புள்ள உள்ள வலியில கிடக்க, எனக்குப் பக்கத்தில நிண்டு, எனக்காகவெண்டு, அதச் சொல்லியிருக்காய். நான் ஒண்டும் தெரியாமச் சிரிச்சிற்று நிண்டிருக்கன்."

"அக்கா, மன்னிச்சிக்கொள்ளுங்க."

"என்னிட்ட என்னத்துக்கு? நான் அவ உடுப்ப மறக்கமாட்டன். அது என்னால ஏலாது. புள்ளைக்கு நல்லாயிருக்கட்டும். ஆனா பேர் வைக்கிற முப்பத்தொண்டுக்கு என்னக் கூப்பிடாத." அவள் எழுந்தாள். கொண்டு வந்ததைத் திருப்பி எடுக்கவில்லை. படலை வரைக்கும் போய்த் திரும்பினாள். "இத நீ அண்டைக்கே எனக்குச் சொல்லியிருந்தா நான் வெளியால போய் நிண்டிருப்பன் வினாயகம். அவ்வளவுதான் செய்திருப்பன்."

அன்றுவரை அவரை அவள் தம்பி என்றுதான் கூப்பிட்டவள்.

ஐந்தாவது வாரம் காப்புறுதிக் கம்பனியின் கடிதம் வந்தது. தாயின் சத்திரசிகிச்சைக்கான தொகையைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். குழந்தையின் சிறப்புப் பிரிவுக் கட்டணம், பிறந்தவுடன் தனியாக அறிவிக்கப்படவில்லை என்பதால், கிடைக்காது. நிருஷா தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அந்தத் தொகை இரண்டு மாடுகளையும் விற்று அவர் பெற்ற விலைக்குக் கிட்ட வந்தது.

முப்பத்தோராம் நாள் அவர் தன்னாமுனைக்குப் போயிருந்தார். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பெயர் வைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். விதுர்ஷா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறைக் கட்டிலில் இருந்தாள். ஒரு மாதமாக அவர் கிழமைக்கு இரண்டு தடவை வந்து போனார். வந்தால் தேத்தண்ணி கொடுப்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். அதற்கு மேல் கதை இருக்காது.

"இரத்தினம்மா மாமி வரல்லையா?" என்று கேட்டாள்.

"வரமாட்டா."

"ஏன்?"

"நான் சொல்லிற்றன். நீ ஆமியில எண்டு."

விதுர்ஷா நிமிர்ந்தாள். "எப்ப?"

"நீ இஞ்ச வந்த அண்டைக்கே."

"மாமி என்ன சொன்ன?"

அவர் சொன்னார். ஒரு சொல்லையும் விடாமல், தான் கூட்டிச் சொன்ன அந்த அழுகைப் பொய்யையும் சேர்த்துச் சொன்னார். முகாமில் மறந்துவிட்டேன் என்று எழுதியதையும், கோப்பில் தன் பெயரைக் கண்டதையும் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலில் கட்டியிருந்த கறுப்பு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பிள்ளையின் காலைத் துணியால் மூடிவிட்டாள்.

"மாமிக்கு நான் போய் முகம் காட்டணும்," என்றாள். "அது என்ட வேல. நீங்க அதுக்குள்ள வராதீங்க."

"சரி."

"ஊர்ல மத்த ஆக்களுக்கு?"

"கேக்கிற ஆக்களுக்குச் சொல்றன். ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சி."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தன் ஒண்டும் சொல்லல்ல. மத்தவன் என்னோட கதைக்கிறல்ல."

அவள் ம் என்றாள். பிள்ளை நெளிந்தது. அவள் எழுந்து, பிள்ளையைத் தூக்கி அவருடைய மடியில் வைத்தாள்.

"தலைக்குக் கீழ கைய வைங்க. நான் குளிச்சிற்று வாறன்."

கதவு சாத்தப்பட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வினாயகமூர்த்தி அசையாமல் இருந்தார். வீட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். நிருஷா கூடத்தில்தான் இருந்தாள். அவளிடம் கொடுத்திருக்கலாம். தன்னிடம் தந்ததை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவருக்குத் துணிவு வரவில்லை. குளிக்கப் போகிற ஒரு தாய்க்குக் கிட்ட இருந்த கை அவருடையது, அவ்வளவாகவும் இருக்கலாம். பிள்ளை கண்ணைத் திறந்து, அவரைத் தெரியாத மாதிரியே பார்த்துவிட்டு, வாயைக் கோணி அழ ஆரம்பித்தது. எப்படி ஆற்றுவது என்று அவருக்கு மறந்து போயிருந்தது. மெல்ல முதுகில் தட்டிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை அப்படியே இருந்தார்.